ஊர்ச் சாக்கடைக்கு உடையவர் யார்?

ஓர் ஊரின் பெருமையை அளக்கப் புகுவோர் அதன் கோபுரத்தையும் கடைவீதியையும் மணிக்கூண்டையும் பார்ப்பது வழக்கம். நாமோ அவ்வூரின் சாக்கடையை முதலில் பார்க்க வேண்டும் என்போம். கோபுரம் கட்டத் தனவான் ஒருவர் முன்வருவார். மணிக்கூண்டு கட்ட, தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்ள விரும்புவோர் முன்வருவர். சாக்கடை வெட்டித்தரத் தாமாக முன்வருவோர் அரியர். ஆகவே எவ்வூரில் சாக்கடை தடையின்றி ஓடுகிறதோ, அவ்வூரார் ஒன்றுகூடித் தம் பொதுக்காரியத்தைத் தாமே நடத்தக் கற்றுவிட்டார்கள் என்று துணிந்து கூறலாம்.

நம்மவர் வாயில் லோங்காங் என்று வழங்கும் இக்கால்வாய்க்கு உடையவர் யார்? இக்கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை காண ஒரு பெரிய தேசத்துக்கே பல்லாண்டுகள் பிடித்தன. அதற்குள் பதினாயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. அச்சரித்திரத்தைச் சிறிது ஆராய்ந்து, பின்னர் நம் நாட்டின் நிலைமைக்கு வருவோம்.

உடையவர் இல்லாத காலம்

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் உலகத்தின் மிகப்பெரிய நகரம் லண்டன். 1851-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 23 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்தனர். அந்நகரத்து வீடுகளின் கீழே மலக்குழிகள் இருந்தன. அவை நிரம்பியபோது கூலியாட்கள் இரவில் வந்து வாரிச் சென்று, வெளியூர் உழவர்க்கு எருவாக விற்றனர். தெருக் கால்வாய்கள் மழைநீருக்கென்றே ஏற்பட்டவை. அவற்றில் மலத்தைக் கலக்கலாகாது என்பது பழைய விதி.

நாளடைவில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ் செல்வர் வீடுகளில் பரவிற்று. வீட்டுக்குள் துர்நாற்றம் ஒழிந்தது, வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் அத்தண்ணீர் எங்கே போயிற்று? மலக்குழிகள் பொங்கி வழிந்தன. பின்னர் அவற்றைத் தெருக் கால்வாய்களோடு இணைத்தனர். கால்வாய்கள் யாவும் தேம்ஸ் நதியில் சென்று விழுந்தன. அந்நதியிலிருந்தே குடிநீர்க் கம்பெனிகள் நீரை எடுத்து ஜனங்களுக்கு விற்றன. ஒருவர் வீடு சுத்தமாயிற்று. ஊரார் குடிக்கும் தண்ணீர் நஞ்சாயிற்று. தனித்தனியே ஒவ்வொருவரும் செய்தது நியாயமாகவே தோன்றிற்று. எல்லாம் சேர்ந்தபோது பேரழிவாக முடிந்தது.

1831-32-ம் ஆண்டுகளில் காலரா என்னும் பேதி நோய் இங்கிலாந்தில் முதல்முறை நுழைந்தது. 1848-49-ல் மீண்டும் வந்தபோது லண்டனில் மாத்திரம் 14,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். துர்நாற்றமே நோயைத் தருகிறது என்று வைத்தியர்களும் அதிகாரிகளும் நம்பினர். அந்நம்பிக்கையினால், வீட்டுக் குழிகளின் நாற்றத்தை ஒழிக்கவென்று அவற்றைக் கழுவி நதியில் தள்ளியவர்களும் அவ்வதிகாரிகளே. 1854-ல் ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர், பிராட் தெருவின் ஒரு கைப்பம்புக் கிணற்றைச் சுற்றி இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கிட்டு, நோய் தண்ணீரின் வழியே வருகிறது என்று காட்டினார். அவர் சொல்லைப் பெரும்பாலோர் அப்போது ஏற்கவில்லை.

சட்டம் பிறந்த வரலாறு

எட்வின் சாட்விக் என்பவர் 1842-ல் தொழிலாளர் வாழும் இடங்களின் சுகாதார நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நோய் ஏழையின் தலைவிதியன்று. சாக்கடையும் நல்ல தண்ணீரும் இன்மையால் விளைவது. நோயாளியையும் அநாதைகளையும் ஆதரிக்கும் செலவைவிட வடிகால் கட்டும் செலவு குறைவு என்று அவர் வாதித்தார். அதன் பயனாக 1848-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. லண்டன் நீங்கலான ஊர்களில் வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுச் செய்தாலும், ஆண்டுதோறும் ஆயிரவரில் 23 பேருக்கு மேல் இறந்தாலும், அங்கே ஸ்தல சுகாதார போர்டு ஏற்படுத்தலாம் என்று அச்சட்டம் கூறிற்று. ஊராரின் மரணக் கணக்கு ஒரு சபையைப் பிறப்பித்தது என்பதை வாசகர்கள் கவனிக்க.

லண்டனில் 1855-ம் ஆண்டுச் சட்டத்தினால் மாநகர வேலைகள் போர்டு ஏற்பட்டது. அதன் தலைமை எஞ்சினீயர் ஜோசப் பஸால்ஜெட் நகரம் முழுமைக்கும் ஒரே வடிகால் திட்டம் தயாரித்தார். ஆனால் மேலதிகாரிகளின் சம்மதம் கிட்டாமல் திட்டம் அலமாரியில் கிடந்தது. சொத்துடையோர் வரி கூடுமென்று அஞ்சினர். என் வீட்டுக்குள் அதிகாரி வந்து எட்டிப்பார்ப்பதா என்று சிலர் சுதந்திரம் பேசினர்.

1858-ம் ஆண்டின் கோடை கடுமையாக இருந்தது. தேம்ஸ் நதி நாறிற்று. நதிக்கரையில் அமைந்த பார்லிமெண்டு மண்டபத்தின் திரைகளைச் சுண்ணாம்புக் காரத்தில் நனைத்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர் உள்ளே அமர முடியவில்லை. ஜூலை 15-ம் தேதி டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு 2-ம் தேதி அது சட்டமாயிற்று. பதினாயிரக்கணக்கான ஏழைகள் மாண்டபோது பல்லாண்டுகள் அசையாத மன்றம், தன் மூக்கு நாறியபோது மூன்று வாரத்துக்குள் அசைந்தது. இதில் நகைக்கவும் இடமுண்டு. நாம் படிக்க வேண்டிய பாடமும் உண்டு.

பஸால்ஜெட் நதிக்கு இணையாக 82 மைல் பெருங்கால்வாய்களைச் செங்கல்லால் கட்டி, தெருச் சாக்கடைகள் நதியில் விழுமுன் அவற்றைத் தடுத்து, நகரத்துக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோய்விட்டார். 1865-ல் கிராஸ்நெஸ் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காலரா மீண்டும் வந்தது. லண்டனில் 5,500-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் நோய் தங்கிய இடம் எது? புதிய கால்வாய் இன்னும் முழுமையாகச் சென்று சேராத கிழக்குப் பகுதி. தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. கால்வாய் எட்டிய இடத்தில் நோய் எட்டவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்?

1875-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இங்கிலாந்தின் ஏனைய ஊர்களுக்கு நம் கேள்வியின் விடையை எழுதி வைத்தது. அதன் சாரம் மூன்று. பொதுச் சாக்கடைகள் ஸ்தல ஸ்தாபனத்தின் உடைமை. அவற்றைப் பழுதின்றிக் காப்பதும், ஊர் நன்கு வடிவதற்கு வேண்டிய புதியவற்றைக் கட்டுவதும் அதன் கடமை. அதற்கு வேண்டிய பொருளை ஊராரிடம் வரியாகப் பெறுவது அதன் அதிகாரம். உடைமை, கடமை, வரி என்னும் இம்மூன்றும் ஒருவர் கையில் ஒருங்கே இருந்தாலன்றிச் சாக்கடை ஓடாது. உடைமை ஒருவரிடமும், கடமை மற்றொருவரிடமும், பணம் மூன்றாமவரிடமும் இருந்தால் கடிதங்கள் மாத்திரமே ஓடும்.

மலாய் நாட்டில்

நம் நாட்டில் ஸ்தல ஸ்தாபனம் என்பதே சாக்கடையிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது. கோலாலம்பூரில் 1890-ல் ஏற்பட்ட நகர நிர்வாகத்துக்குச் சானிட்டரி போர்டு, அதாவது சுகாதாரச் சபை, என்பதே பெயர். தெரு, விளக்கு, சந்தை ஆகிய எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட அச்சபை, தன் பெயரைச் சுத்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. மற்ற ஊர்களிலும் அவ்வாறே.

அத்தகைய சபை ஒன்றின் கடமையுணர்ச்சியால் விளைந்த நன்மையைக் கிள்ளானில் காணலாம். 1901-ல் அங்கே டாக்டர் மால்கம் வாட்ஸன் வந்து சேர்ந்தார். சதுப்பும் காடும் சூழ்ந்த அவ்வூரில் மலேரியாக் காய்ச்சல் வீடுதோறும் இருந்தது. அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலினால் வேலை நடவாமல் தத்தளித்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்ஸன் அக்கொள்கையைக் கைக்கொண்டு, சதுப்பை வடித்துக் காட்டை வெட்டுக என்று ஆலோசனை கூறினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர் 1901-ல் 368 பேர். வடிகால் வெட்டிய பின் 1902-ல் 59 பேர். மருந்தினால் இத்துணை உயிரைக் காக்க எத்தனை வைத்தியர் வேண்டியிருக்கும்!

ஆனால் வெட்டுவதெல்லாம் வடிகால் ஆகிவிடாது என்பதும் அப்போதே தெரிந்தது. கடலோரச் சமநிலத்தில் நிழற்சதுப்பில் வளரும் கொசு ஒருவகை. அது வடிகாலுக்கு அஞ்சும். குன்றுப்புறத் தோட்டங்களிலோ, காடு வெட்டியபின் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகிற்று. திறந்த கால்வாய் அதற்கு விருந்து வைத்ததுபோலாயிற்று. நீரைப் பூமிக்கடியில் குழாய்வழியே கொண்டுசெல்லவும், மேலே எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. இவ்வுண்மை வெளிப்படுமுன் குன்றுப்புறத் தோட்டங்களில் மாண்ட தமிழ்க் கூலிகள் பலர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு ஏறி இரத்தத்தை உறிஞ்சிற்று. சரியான கக்கூஸ் இல்லாத லயங்களே அதன் பிறப்பிடம். சோம்பேறிக் கூலி என்று துரைமார் ஏசிய பலர், உண்மையில் இரத்தமற்ற நோயாளிகளாக இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சிங்கப்பூரின் வரலாறும் நினைக்கத்தக்கது. அங்கே மலத்தை வாளியில் எடுத்து எருவாக விற்பது வெகுகாலம் தனியாரின் வியாபாரமாகவே இருந்தது. 1906-ல் சிம்ஸன் என்னும் சுகாதார நிபுணர் நகரத்தைச் சோதித்து, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகளில், வாளியை வீட்டின் நடுவே சமையலறை கடந்து வாசல்வழி தூக்கிவர வேண்டியிருந்தது. வீடுகளுக்குப் பின்னால் சந்து திறக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்சந்துகளும் பூமிக்கடியிலான சாக்கடைகளும் சிறிது சிறிதாக வந்தன. ஆயினும் வாளி முறை முற்றிலும் ஒழிந்தது 1987-ம் ஆண்டு ஜனவரி மாதத்திலேயே. அறிக்கைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 80 ஆண்டுகள் சென்றன. இப்போதோ அந்நகரத்தின் கழிவுநீர் 2008-ல் முடிவடைந்த 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கத்தின் வழியே சென்று, சுத்திகரிக்கப்பட்டு, அதில் ஒரு பகுதி மீண்டும் நல்ல நீராகிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

கால்வாயில் இறங்கியவர்

இவ்வளவும் கூறிவிட்டு, சாக்கடையைச் சுத்தம் செய்தவரைப் பற்றிக் கூறாமல் விடுவது அநீதி. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முனிசிபாலிட்டியின் தெருப்பெருக்கும் வேலையிலும் கால்வாய் வேலையிலும் நம்மவர் ஏராளமாக இருந்தனர். விடியுமுன் துடைப்பமும் மண்வெட்டியும் ஏந்திச் சென்று, ஊரார் எழுமுன் ஊரைச் சுத்தமாக்கியவர் அவர்கள். பஸால்ஜெட்டுக்கு நதிக்கரையில் சிலை வைத்தார்கள், அது தகும். நாமோ நம் ஊரைக் காத்தவரைக் குறித்த தோட்டி என்னும் சொல்லையே வசைச்சொல்லாக்கிவிட்டோம். கடல் கடந்து வந்தும் ஜாதியை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த நம் சிறுமையை என்னென்பது! குப்பையைப் போடுபவன் உயர்ந்தவன், அதை எடுப்பவன் தாழ்ந்தவன் என்னும் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றது? தாய்நாட்டில் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றினர். சட்டம் வந்த பின்னும் மலக்குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர் உண்டு. யந்திரம் செய்யக்கூடிய வேலையை மனிதனைக் கொண்டு செய்விப்பது சிக்கனமன்று. அது ஜாதியின் கடைசிக் கோட்டை.

இன்று நம் கேள்விக்கு விடை

மலேசியாவில் 1974-ம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டமும் 1976-ம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் திறந்த கால்வாய்களை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் வைத்தன. மலக்கழிவுச் சாக்கடைகளையோ 1993-ம் ஆண்டின் சட்டம் கழகங்களின் கையிலிருந்து எடுத்து மத்திய சர்க்காரின் பொறுப்பில் சேர்த்தது. மறு ஆண்டு முதல் இண்டா வாட்டர் நிறுவனம் அவ்வேலையை ஏற்றது. ஆதலின் மேலே ஓடும் நீர் நாறினால் ஒருவரிடமும், கீழே ஓடும் நீர் பொங்கினால் மற்றொருவரிடமும் முறையிட வேண்டும். இப்பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் தவறான வாசலில் நின்று காலங்கழிப்பவர் பலர்.

இவ்விரண்டிலும் சேராத இடம் ஒன்றுண்டு. அது தோட்டத்து லயம். தோட்டம் தனியார் நிலம். தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966-லும் 1990-லும் ஏற்பட்ட சட்டங்கள் அங்கே முதலாளியைப் பொறுப்பாளியாக்கின. பொறுப்பு முதலாளியுடையது, ஆனால் லயத்துக் கால்வாயின் நீர் தோட்ட எல்லையோடு நின்றுவிடுமா?

நாம் தோட்டத்துக் காரியாலயத்தில் பேனா பிடிப்பவர். ஆதலால் கண்டதைக் கூறுகிறோம். ஒரு மழைக்காலத்தில் லயத்தின் கடைசி ஆறு வீடுகளுக்குள் கால்வாய் நீர் எதிர்த்து ஏறிற்று. தாய்மார் அரிசித் தகரத்தைக் கட்டிலின்மேல் ஏற்றிவைத்து, பிள்ளைகளை இடுப்பிலே வைத்துக்கொண்டு இரவெல்லாம் நின்றார்கள். அடைப்பு, தோட்டத்துக் கால்வாய் சாலையோர மதகோடு சேரும் இடத்தில் இருந்தது. கால்வாய் தனியார் நிலத்தது, கழகம் கைவைக்க இயலாது என்று அங்கிருந்து பதில் வந்தது. மதகு சாலையைச் சேர்ந்தது, தோட்டம் கைவைக்க இயலாது என்று இங்கிருந்து பதில் சென்றது. அந்தப் பதிலைத் தட்டச்சுச் செய்தவர் நாமே. ஏழு வாரம் இவ்வாறு கழிந்தது. முடிவில் தொழிலாளர் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கி அடைப்பை எடுத்தனர். அரைமணி நேர வேலை. வெளியே வந்தவை ஒரு பழைய டயரும், ஒரு மெத்தையும், பால்டின்கள் நிறைந்த ஒரு சாக்கும். அவற்றுள் சாக்கு நம் லயத்திலிருந்தே போனது என்பதை எல்லோரும் அறிந்தோம்; ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று நாம் இரண்டு உண்மைகளை உணர்ந்தோம். ஒன்று, உடையவர் இருவர் இருந்தும் பொறுப்பாளி ஒருவரும் இல்லையாயின், லண்டனின் பழைய நிலைமைக்கும் நம் நிலைமைக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மற்றொன்று, சபையைக் குறைகூறும் கை, குப்பையை வீசும் கையாகவும் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு வேர் உண்டு. மலாயாவில் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. ஊரார் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுத்தனர்; தெருவில் சாக்கடை நின்றால் அவரைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்க முடிந்தது. 1965-ல் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ம் ஆண்டுச் சட்டம் அங்கத்தினரை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டிற்று. நியமனம் பெற்றவருள் நல்லவர் பலர் உண்டு, அதை மறுக்கவில்லை. எனினும் வரி கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தால்தான் கடமை தூங்காது. லண்டன் மன்றம் தன் மூக்குக்குப் பயந்தது. நம் சபைகள் நம் வாக்குக்குப் பயப்பட வேண்டும்.

தமிழ்மக்களே! நாம் செய்யத்தக்கவை சில உள. எக்கால்வாய் யார் பொறுப்பு என்பதை அறிந்து, வாயால் முணுமுணுப்பதை விட்டு எழுத்தால் முறையிடுவோம். முறையீட்டின் நகலைப் பத்திரப்படுத்துவோம். தோட்டத்துத் தொழிற்சங்கக் கூட்டங்களில் சம்பளத்தைப் பேசுமளவு வடிகாலையும் பேசுவோம். வீட்டு வரி கட்டுவோர் அதன் கணக்கைக் கேட்கப் பழகுவோம். கால்வாயில் இறங்கி உழைப்பவரை அண்ணே என்று அழைத்து, நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் கொடுப்போம். நம் பிள்ளைகள் கையிலிருக்கும் காகிதத்தைக் கால்வாயில் போடுமுன் தடுப்போம்.

சாக்கடைக்கு உடையவர் யார் என்று தொடங்கினோம். சட்டப் புத்தகம் கழகம் என்று கூறும். தோட்டத்துப் பத்திரம் முதலாளி என்று கூறும். அதில் ஓடுவது நம் வீட்டு நீர். அது தேங்கினால் சாவது நம் பிள்ளை. ஆகையால் மற்றவரைப் பொறுப்பாளியாக நிறுத்தும் பொறுப்பு நம்முடையதே.